ஏழாவது அடி

மருந்து விட்டாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், இன்னும் இரண்டு தரம் விட வேண்டும், நடுவில் திறக்காதீர்கள், திறந்தாலும் கிட்டத்தில் இருப்பது ஒன்றும் தெரியாது என்று அந்த சிஸ்டர் பெண் சொல்லிவிட்டு நகர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, என் சட்டைப் பைக்குள் சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தரம். இரண்டு வருஷம் நாலு மாசமாக அடிக்காத மணி. சிந்துஜா நம்பருக்கு மட்டும் என்று அவளே என் போனில் வைத்துக்கொடுத்தது, புனேயில் படிக்கிற காலத்தில். நீங்க எவன் மெசேஜையும் பார்க்க மாட்டீங்கப்பா, இந்த மணி அடிச்சா நான்னு அர்த்தம், பாத்தே ஆகோணும் என்று சொல்லி. போனை எடுத்தேன். கண்ணைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதற்குள் கரித்துணியால் இழுத்த மாதிரி நாலு கோடோ ஐந்து கோடோ. கையை நீட்டிப் பார்த்தேன், மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தேன், சாய்த்துப் பார்த்தேன். எழுத்து என்று தெரிகிறது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. கண்ணை மூடுங்கப்பா என்று எங்கிருந்தோ அதட்டல். மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் அந்த வெள்ளைச் சதுரம் கொஞ்ச நேரம் மிதந்தது, ஓரம் சிவந்தது, முழுக்கச் சிவந்தது, அப்புறம் போயிற்று. என் மகள் எனக்கு என்னவோ எழுதியிருக்கிறாள், அது என் கையில் சூடாக இருக்கிறது, என்னால் படிக்க முடியவில்லை. காலை பத்தரை மணி இருக்கும். கண் ஆஸ்பத்திரிக் கூடம் முழுக்க அப்பாக்கள். அப்பா தண்ணி வேணுமா, அப்பா செருப்பு இங்கே இருக்கு, அப்பா சாஞ்சுக்கோங்க. ஒவ்வொரு அப்பாவுக்கும் என் கழுத்து ஒரு தரம் வெட்டித் திரும்புகிறது.

கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கவுண்டரில் கேட்டபோது மகள் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான். வண்டியை நிறுத்தப் போயிருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னேன். துணை ஆள் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிப்போவார்களாம். கடையில் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள், ஒருத்தனைக் கூட்டி வந்திருக்கலாம். கூட்டி வந்தால் வெள்ளிங்கிரிக்குக் கண் போயிற்று என்று சாயங்காலத்துக்குள் திருப்பூர் பூராவும் தெரிந்துவிடும். நிறம் பார்க்கத் தெரியாதவனிடம் எவன் எலாஸ்டிக் வாங்குவான். முப்பது வருஷம் கண்ணை வைத்துத்தான் தொழில். மெரூன் என்று தந்தால் இது மெரூன் இல்லை, இதில் கருப்பு ஒரு சொட்டுக் குறைவு என்று சாயக்காரனிடம் திருப்பி எறிகிறவன் நான். போன மாசம் ரங்கசாமி சாயப்பட்டறையில் அப்படித்தான் எறிந்தேன். சந்தன நிறத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளை என்று ஏமாற்றுகிறாயா, உன் அப்பன் காலத்திலிருந்து உங்களுக்கு இதே வேலை என்று கத்தினேன். ரங்கசாமி சாம்பிளையும் சரக்கையும் எடுத்துக்கொண்டுபோய் நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற விளக்குப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அங்கிருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டான், கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டான், டீ கொண்டுவந்த அம்மாவைக்கூடக் கூப்பிட்டான். எல்லோரும் ரெண்டும் வெள்ளைதானுங்க என்றார்கள். அப்புறம் என் தோளில் கை வைத்து, மெதுவாக, அண்ணா, கோளாறு சரக்குல இல்லீங்க என்றான். டாக்டர் சொன்னது, உங்கள் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் பழுத்துவிட்டது, எது வந்தாலும் பழுப்பு ஏற்றித்தான் உள்ளே விடும் என்று. எத்தனை வருஷமாக என்று கேட்டேன். சொல்ல முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்காது என்றார். அப்படியானால் நான் திருப்பி எறிந்ததில் எவ்வளவு நல்ல சரக்கு. எவனெவனைத் திட்டினேன். கடைசியாக சிந்துஜாவைப் பார்த்தபோது அவள் முகம் சிவந்திருந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனே, அதுகூட.

இடுப்புப் பையில் அது இருக்கிறது. கை தானாகப் போகிறது. ஒன்றரை இஞ்ச் வெள்ளை எலாஸ்டிக், ஒரு சாண். வெள்ளைதான் என்று நம்புகிறேன். அதன் மேல் பேனாவில் இரண்டு புள்ளி, நடுவில் பாம்பு போன மாதிரி ஒரு கோடு. விரலுக்கு மை தெரியாது, ஆனாலும் எந்த இடத்தில் புள்ளி என்று என் விரலுக்குத் தெரியும். எலாஸ்டிக் வாங்குகிறவன் எல்லோரும் செய்கிற வேலைதான்: பத்து சென்டிமீட்டர் அளந்து இரண்டு பக்கமும் புள்ளி வைப்போம், இரண்டு மடங்கு இழுப்போம், விடுவோம், மறுபடி பத்துக்கு வந்து நிற்கிறதா என்று பார்ப்போம். பத்தரையில் நின்றால் மட்டமான சரக்கு. பதினொன்றில் நின்றால் செத்த எலாஸ்டிக். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், எனக்குத் தெரிந்த படிப்பு இவ்வளவுதான். லீவுக்கு வந்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லை. நீ என்னத்தைத்தான் படிக்கிற அம்மிணி, ரெண்டு வார்த்தைல சொல்லு பாக்கலாம் என்றேன். என் பேனாவை என் பையிலிருந்தே உருவினாள். ரோலிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள், நான் செய்கிற மாதிரியே புள்ளி வைத்தாள், நடுவில் நெருக்க நெருக்கமாக அலை போட்டாள். ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னாள். இந்தப் புள்ளி நாம், அந்தப் புள்ளி ஏதோ ஒரு தூரத்து கேலக்ஸி, கோடிக்கணக்கான நட்சத்திரம் கூடி இருக்கிற ஊர் என்று வையுங்கள், இந்தக் கோடு அங்கேயிருந்து புறப்பட்ட வெளிச்சம், இப்போது இழுங்கள் என்றாள். இழுத்தேன். புள்ளி நகர்ந்ததா என்றாள். நகர்ந்தது என்றேன். சிரித்தாள்.

"நல்லாப் பாருங்கப்பா. ரெண்டு புள்ளியும் நான் வெச்ச இடத்துல, வெச்ச நூல் மேலயேதான் இருக்குது. யாரும் நடக்கல. நடுவுல இருக்கறதுதான் விரிஞ்சு போச்சு."

யாரும் நடக்கல. இதைத்தான் அன்றைக்குப் பிறகு எத்தனை தரம் கேட்டிருக்கிறேன், லாரி சத்தத்தில், மிக்ஸி சத்தத்தில், மின்விசிறி சத்தத்தில். வெளிச்சம் புறப்படும்போது நீலமாகத்தான் புறப்படுகிறது, அலை நெருக்கமாக இருந்தால் நீலம், அகன்றால் சிவப்பு. அது வந்துகொண்டிருக்கும்போதே அது வருகிற வழி விரிகிறது, வழி விரிய விரிய அலையும் விரிகிறது, இங்கே வந்து சேரும்போது சிவப்பு. வெளிச்சம் ஒரு தப்பும் செய்யவில்லை அப்பா என்றாள். நான் விடுவேனா. அது முதலிலேயே சிவப்பாக இருந்திருந்தால்? சாயக்காரனிடம் கேட்கிற கேள்வி. அவளுக்கு சந்தோஷம் தாங்கவில்லை, இதைத்தான் எங்க வாத்தியாரும் பரீட்சையில கேட்டாரு என்றாள். வெளிச்சத்தைப் பிரித்தால் அதில் கருப்புக் கருப்பாகக் கோடுகள் விழுமாம், ஹைட்ரஜனுக்கு ஒரு வரிசை, இரும்புக்கு ஒரு வரிசை, எந்த ஊர் ஹைட்ரஜனும் ஒரே லாட் சரக்குதான். நம் ஊர் ஹைட்ரஜன்தான் சாம்பிள் துண்டு, அங்கேயிருந்து வந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே வரிசை, அதே இடைவெளிப் பொருத்தம், மொத்தமாகச் சிவப்புப் பக்கம் தள்ளி நிற்கும். எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு வழி விரிந்திருக்கிறது. இன்னும் தூரத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம் விலகும், நடுவில் விரிகிறதுக்கு அவ்வளவு எலாஸ்டிக் இருக்கிறதே. அந்த வெளிச்சம் இங்கே வந்து சேரும்போது அந்த ஊர் அது புறப்பட்ட இடத்தில் இருக்காது, வெகுதூரம் போயிருக்கும். இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. அப்போது நம் கடையும் விரிகிறதா, காம்பவுண்டைத் தள்ளிக் கட்டலாமா என்று கேலியாகக் கேட்டேன். இல்லப்பா, ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்கிறதெல்லாம் விரியாது, பூமி விரியாது, நம்ம கேலக்ஸியும் விரியாது, பிடி எட்டாத தூரத்தில்தான் விரியும் என்றாள். எலாஸ்டிக்கை யார் இழுக்கிறார்கள் என்று கேட்டேன். அது தெரியலப்பா, அதுக்குத்தான் படிக்கிறேன் என்றாள்.

சில்லென்று மறுபடி. இரண்டாவது தரம் மருந்து. பின்னாலிருந்து அப்பா என்று கூப்பிட்டதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். சிஸ்டர் பெண்தான், இங்கே எல்லாக் கிழவனும் அவர்களுக்கு அப்பா. பொண்ணு வந்தாச்சா என்றாள். வந்துடும் என்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல், ஏனுங்க, துணை ஆள் இல்லாம ஏறினா நடுவழியில இறக்கி விட்ருவாங்க பாத்துக்குங்க என்று சிரித்தது. மரியதாஸ் என்று பேர் சொன்னார், பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவராம், பல்லடம் கோயமுத்தூர் ரூட்டாம், ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் நேற்று முடிந்துவிட்டதாம், அதில் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கிறதாம், மற்றது நல்ல கண்ணாம், சம்சாரம் கேன்டீனுக்குப் போயிருக்கிறாளாம். கேட்காமலே எல்லாம் சொன்னார். நல்ல கண் என்றது மட்டும் காதில் நின்றது. கையிலிருக்கிற போனை அவர் பக்கம் நீட்டினால் போதும். நீட்டவில்லை. முன்பின் தெரியாதவன் வாயால் என் மகளைக் கேட்பதா. அதுவல்ல. அது அவள்தான் எழுதியது என்று எப்படித் தெரியும். போன் அவளுடையது, விரல் யாருடையதோ. அவள் போயிருக்கிற அந்தக் குளிர் தேசத்தில் ஆஸ்பத்திரியில் எவனோ அவள் போனை எடுத்து, அப்பா என்று போட்டிருக்கிற நம்பரைத் தேடி. வாயை மூடு. அப்படி இருந்தால் போனில் கூப்பிடுவார்கள், எழுத மாட்டார்கள். எழுதவும் செய்வார்கள்.

பேரம் என்பது காலில் இருக்கிறது, வாயில் இல்லை. இதை எனக்கு எவனும் சொல்லித்தரவில்லை, காதர்பேட்டைக் கடைவீதியில் அடிபட்டு நானே கண்டுபிடித்தது. விலை சொல்வான். நான் பாதி சொல்வேன். முகத்தைச் சுளிப்பான். நான் எழுந்து செருப்பை மாட்டுவேன், திரும்பிப் பார்க்காமல் நடப்பேன். வேகமாக நடந்தால் போய்த் தொலை என்று விட்டுவிடுவான். மெதுவாக நடந்தால் நடிப்பு என்று தெரிந்துகொள்வான். வேறு கடை ஞாபகம் வந்தவன் மாதிரி நடக்க வேண்டும். மூன்றாவது அடியில் கூப்பிடுகிறவன் புதுசு. ஐந்தில் கூப்பிடுகிறவன் தொழில் தெரிந்தவன். ஏழாவது அடியைத் தாண்டி என்னை எவனும் விட்டதில்லை. வாங்க, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்குங்க என்று முதுகுக்குப் பின்னால் குரல் வரும். அதைச் சொன்னவன் தோற்றான். முப்பது வருஷத்தில் அந்த வாசகத்தை நான் ஒரு தரம்கூட என் வாயால் சொன்னதில்லை. போகிறவனைப் போக விட்டிருக்கிறேன், நஷ்டப்பட்டிருக்கிறேன், சொன்னதில்லை. கடை மேஜைக்கு அடியில் ஸ்கூல் பையோடு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் அவள். அவள் அம்மா ருக்குமணி இறந்துபோனபின் அதுதான் அவளுக்கு வீடு. அஞ்சாவதுலயே கூப்பிட்டுட்டாரு பாருங்கப்பா என்று என் காதில் சொல்லுவாள்.

அவளிடம் அதையே செய்தேன். நெதர்லாந்தில் இடம் கிடைத்திருக்கிறது, நாலு வருஷம், அவர்களே உதவித்தொகை தருகிறார்கள் என்று வந்து நின்றாள். இரண்டு வருஷம் கடையைப் பார், அப்புறம் போ என்றேன். முடியாது என்றாள். ஒரு வருஷம் என்றேன். ஆறு மாசம் என்றேன். அப்பா, இது ரேட் பேசற விஷயம் இல்லை என்றாள், அவள் குரல் நடுங்கியது, எனக்கு அது விலை இறங்கி வருகிற அறிகுறியாகத்தான் பட்டது. கோபம் வேறு வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு நாக்கு இருக்கிற இடம் தெரியாது. போனா போனதுதான், அப்புறம் இந்தப் படி ஏறாதே என்றேன். என்னிடமிருந்து புறப்பட்டது அது இல்லை. போகாதே கண்ணு, எனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுதான் புறப்பட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சோபாவும் ஒரு டீப்பாயும். அவ்வளவு தூரத்துக்குள் அது வேறு நிறமாகிப் போயிற்று. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். நடந்தேன். வாசல் வரை நாலு. முற்றத்தில் ஐந்து, ஆறு. ஏழு. ஏழில் கொஞ்சம் நின்றேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை. முதுகு முழுக்கக் காதாக இருந்தது. இருபத்திரண்டாவது அடி கேட். கேட்டைத் திறந்தேன், சத்தம் வரும்படி சாத்தினேன், முக்கு டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். திரும்பி வந்தபோது பெட்டி இல்லை. மேஜை மேல் இந்த எலாஸ்டிக் துண்டு மட்டும் இருந்தது. அவளுக்குத் தெரியுமே, நான் எப்படி நடப்பேன் என்று. சோபாவில் உட்கார்ந்து என் அடியை அவளும் எண்ணியிருப்பாள். ஏழு வரைக்கும் எண்ணி, நான் திரும்புவேனா என்று பார்த்திருப்பாள். ஒரு அப்பன் திரும்பி நின்று வா என்று சொல்ல ஏழு அடி போதாதா என்று நினைத்திருப்பாள். யாரும் நடக்கல என்றால் எப்படி, நான்தானே நடந்தேன். ஆனால் இருபத்திரண்டு அடிதான் நடந்தேன், அம்மிணி. மற்றதெல்லாம் தானாக விரிந்தது. ஒரு வாரம், ஒரு தீபாவளி, இன்னொரு தீபாவளி. தூரம் கூடக் கூட இன்னும் சீக்கிரம் விலகியது. அன்றையிலிருந்து எந்தப் படி இறங்கினாலும், எந்தக் கடையை விட்டு வெளியே வந்தாலும், எட்டாவது அடியில் பின்னாலிருந்து அப் என்று பாதிச் சொல் கேட்கிறது. மீதி வருவதில்லை. திரும்பினால் யாருமில்லை. பட்டப்பகலில், ரோட்டில் நடுவில் நின்று திரும்பிப் பார்க்கிற கிழவனைப் பார்த்து ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போகிறான்.

எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தேன். விட்டேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்து அளந்தேன். பத்துக்கு வரவில்லை. பதினொன்று இருக்கும். இடுப்பு வேர்வையில் ரப்பர் செத்துக்கொண்டிருக்கிறது. என்னங்க, ஏதோ வேண்டுதலா என்றார் மரியதாஸ். போனை நீட்டிவிட்டேன். என் கைதான் நீட்டியது, என்னைக் கேட்கவில்லை. மகள் அனுப்பியிருக்கிறாள், மருந்து விட்டதால் தெரியவில்லை, படித்துச் சொல்லுங்கள் என்றேன், சரக்கு பில்லைப் படிக்கச் சொல்கிறவன் மாதிரி. வாங்கினார். ஒரு கண்ணால் பார்க்கிறவர் ஆகையால் நேரம் பிடித்தது. முதலில் படித்தது வேறு எதையோ.

"விமானம் ஏறிட்டேன்பா. சாப்பிட்டீங்களான்னு போட்டிருக்குது. அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தேதிங்க. இதுக்கு நீங்க பதிலே போடலீங்களா?"

போடவில்லை. அன்றைக்கும் மணி அடித்தது. படித்தேன். இது விலை இல்லை, வெறும் தகவல் என்று நினைத்தேன். வாங்க என்று கூப்பிடட்டும், பார்க்கலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். கூப்பிடவில்லை கூப்பிடவில்லை என்று இத்தனை நாள் முதுகை நீட்டிக்கொண்டு அலைந்தேனே, சாப்பிட்டீங்களா என்பது என்னது. அவள் எட்டாவது அடியில் கூப்பிட்டிருக்கிறாள். எனக்குப் பழகிய வாசகத்தில் இல்லாததால் எனக்குக் காது கேட்கவில்லை. இதை நான் மறந்திருந்தேனா, மறந்தமாதிரி வைத்திருந்தேனா. இன்றைக்கு வந்ததைப் படியுங்கள் என்றேன். மரியதாஸ், ஸ்டாப்பிங் பேர் சொல்கிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்தி, கூடம் பூராவும் கேட்கும்படி படித்தார்.

"அப்பா. ஒன்றரை இஞ்ச் வெள்ளை எலாஸ்டிக் பத்து மீட்டர் வேணும். பசங்களுக்கு கிளாஸ் எடுக்கறதுக்கு. இங்க கிடைக்கறது ஒரு தடவை இழுத்தா திரும்பறதில்ல. என்ன விலை சொல்றீங்க?"

அவ்வளவுதானுங்க என்றார். பத்து மீட்டர்தானா, பெரிய பார்ட்டி இல்லை போல இருக்குதே என்றும் சொன்னார். உயிரோடு இருக்கிறாள். வகுப்பு எடுக்கிறாள். கடைக்கு வந்து விலை கேட்கிறாள், வாடிக்கைக்காரி மாதிரி, என்னை எப்படிக் கேட்க வேண்டும் என்று என்னிடமே கற்றுக்கொண்டு. முதலில் வாய் திறந்தது அவள்தான், ஜெயித்தாய் வெள்ளிங்கிரி என்று உள்ளே ஒருத்தன் எழுந்து உட்கார்ந்தான். கேட்ட உடனே சொல்லாதே. மத்தியானம் வரை போகட்டும். நாளைக்குச் சொல். அவள் இன்னொரு தரம் கேட்கட்டும். முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டவன் அவன். நான் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவன் பேசப் பேச நடுவில் விரிந்துகொண்டிருந்தது. இந்தச் சேதி புறப்பட்டபோது அவள் இருந்த இடத்தில் இப்போது இருப்பாளா. கேட்டுவிட்டுக் கடை வாசலில் நிற்பாள். செருப்பை மாட்டியிருப்பாள். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்திருப்பாள்.

பதில் போடணுமா, நான் அடிச்சுத் தரட்டுங்களா என்றார் மரியதாஸ். ஒத்தைக் கண்ணால் எழுத்து தேடி முடிப்பதற்குள் விடிந்துவிடும், இந்த மைக்கை அமுக்கிப் பிடிக்கிறேன், நீங்களே பேசுங்கள், குரலாகவே போய்விடும் என்று என் வாய்க்குக் கிட்டே போனைக் கொண்டுவந்தார். பேசுங்க என்றார். கூடத்தில் சத்தம் அடங்கிய மாதிரி இருந்தது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தெரிந்தவன் எவனாவது இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"வா அம்மிணி. நீ சொன்ன விலைக்கே எடுத்துக்க."

குரல் என்னுடையது மாதிரி இல்லை. அமுக்கியதை விட்டார். போயிற்றா என்றேன். ஒரு டிக் விழுந்திருக்கிறது, இங்கேயிருந்து கிளம்பிவிட்டது, அங்கே போய்ச் சேர்ந்தால் இரண்டு விழும் என்றார். இப்போது? ஒன்றுதான். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். ஒன்றுதானுங்க, தூரமாச்சே என்றார். அவருக்குச் சம்சாரம் வந்துவிட்டாள், காபி வாசனையோடு. போனை என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டுப் போனார். மூன்றாவது மருந்து. சிஸ்டர் பெண் என் நெற்றியைப் பிடித்து நிமிர்த்தினாள். பொண்ணு எங்கேதான்பா வண்டிய நிறுத்தறாங்க, அடுத்தது நீங்கதான் என்றாள். கொஞ்சம் தூரமா நிறுத்தியிருக்குதுங்க, வந்துட்டு இருக்குது என்றேன். வராட்டி இன்னைக்கு ஆகாதுப்பா என்றாள். சரி என்றேன். சில்லென்று சொட்டு விழுந்தது. மூடிக்கொண்டேன். ஒரு கையில் போன், ஒரு கையில் எலாஸ்டிக், இழுக்காமல். அங்கே ஒருத்தி என் கடை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், என் குரல் இன்னும் அவளிடம் போகவில்லை. எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. ஏழுக்கு மேல் எண்ணி எனக்குப் பழக்கமில்லை. எட்டு.